8 மாதமாக நின்ற கார், 21,000 கிலோமீட்டர்: வாங்கலாமா?

புதுச்சக்கரம்
வணக்கம். முதல் கார் வாங்கப் பார்க்கிறேன். ஒரு வண்டி மனதுக்குப் பிடித்துவிட்டது. பெட்ரோல், மேனுவல் கியர், வயது 5, மீட்டரில் 21,000 கிலோமீட்டர்தான். ஒரே கை. உரிமையாளர் வேலைக்காக வெளியூர் போய்விட்டதால் 8 மாதமாக வண்டியை யாரும் எடுக்கவில்லை. அவருடைய அப்பா விற்கிறார். நிறுத்தியிருக்கும் இடத்தில் மேலே கூரை உண்டு, பக்கச் சுவர் இல்லை. உறை போட்டு வைத்திருக்கிறார்கள்.

நேற்று போய் வெளியிலிருந்து பார்த்தேன். பெயிண்ட் புதிது மாதிரி இருக்கிறது. பேட்டரி இறங்கிவிட்டதாம். "நீங்கள் வருகிற அன்று மெக்கானிக்கை வைத்து ஸ்டார்ட் செய்து வைக்கிறேன்" என்கிறார் பெரியவர். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.

ஓடிய தூரம் குறைவு என்பதால் ஆசை, நின்ற வண்டி என்பதால் பயம். அம்மாவை வாரம் இரண்டு முறை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். நடுவழியில் நிற்கும் வண்டி எனக்கு ஆகாது. எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

நெடுஞ்சாலை
விட்டுவிடுங்கள். ஒரு வருடம் நின்ற வண்டியை வாங்கி நான் பட்டது போதும். முதல் மாதம் ஏசி கேஸ் போனது. இரண்டாவது மாதம் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. மூன்றாவது மாதம் ஒரு முன்சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கிற காலிப்பர் ஜாம் ஆனது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வேலைக்கு லீவு, வீட்டில் கேள்வி. அதே காசுக்கு 50,000 ஓடிய, தினமும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை வாங்குங்கள்.

ஸ்பேனர்
20 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். 8 மாதம் என்பது பயந்து ஓடுகிற காலம் இல்லை. சும்மா எடுத்து ஓட்டிவிடலாம் என்கிற காலமும் இல்லை.

முதல் வேலையாக இன்றே பெரியவருக்குப் போன் செய்து, தயவுசெய்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு காரணம். ஒன்று உங்களுக்காக. 8 மாதம் கழித்து என்ஜின் முதல்முறை எழும்போது வருகிற சத்தம், புகை, எடுத்துக்கொள்கிற நேரம் எல்லாம் அதன் உண்மையான நிலையைச் சொல்லும். அதை நீங்கள் நேரில் கேட்க வேண்டும். சூடேற்றிக் காட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் முன்பே எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று என்ஜினுக்காக. இத்தனை நாளில் ஆயில் மேல்பாகங்களிலிருந்து வடிந்து கீழே சம்ப் என்கிற ஆயில் தொட்டியில் போய் உட்கார்ந்திருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கூடு கட்டியிருந்தால், பார்க்காமல் செல்ஃப் அடித்ததும் குப்பையை என்ஜின் உறிஞ்சப் பார்க்கும். அதனால் ஆயில் அளவு, கூலண்ட் அளவு, ஏர் ஃபில்டர் பெட்டி, பெல்ட் நான்கையும் பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். எழுந்ததும் ஒரு சில விநாடி டிக் டிக் என்று மேலே சத்தம் வரலாம். ஆயில் ஏறியதும் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டாலோ, ஆயில் பிரஷர் விளக்கு அணையாவிட்டாலோ உடனே நிறுத்துங்கள்.

பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். சார்ஜ் ஏறின மாதிரி காட்டும், இரண்டு நாளில் கைவிடும். செத்த பேட்டரியை வேறு பேட்டரியோடு வயர் போட்டு ஜம்ப் செய்துவிட்டு, என்ஜின் ஓடும்போது சார்ஜ் தருகிற ஆல்டர்னேட்டர் ஏற்றிக்கொள்ளும் என்று விடுவது ஆல்டர்னேட்டருக்கும் பாரம். நல்ல பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். என்ஜின் ஓடும்போது முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சார்ஜிங் சரி.

கணக்குப்பிள்ளை
ஸ்பேனர் அண்ணா சொன்ன பேட்டரி விஷயத்துக்கு ஒரு கணக்கு. நிறுத்தி வைத்த வண்டியிலும் கடிகாரம், அலாரம், கணினிப் பெட்டிகள் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு மாதத்தில் காலி. ஸ்டார்ட் எடுக்க முடியாத நிலை அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். ஆக 8 மாதத்தில் பேட்டரி இறங்கியதை வண்டியின் குறையாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் கவனிக்க வேண்டிய கணக்கு வேறு. 5 வருடம் என்றால் 60 மாதம். நின்ற 8 போக 52 மாதத்தில் 21,000 கிலோமீட்டர். மாதம் 400, நாளுக்கு 13 சொச்சம். அதாவது நின்றதற்கு முன்பும் இது பெரும்பாலும் குறுந்தூரம் ஓடிய வண்டியாக இருக்கலாம். அப்படி ஓடினால் என்ஜின் முழுச்சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவார்கள். ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலந்து தங்கும். ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றினார்களா, வருடம் பார்த்து மாற்றினார்களா என்று சர்வீஸ் பில்லைக் கேளுங்கள். "பத்தாயிரம் ஓடவில்லையே" என்று இரண்டு வருடம் ஒரே ஆயிலில் ஓட்டியிருந்தால் குறைந்த கிலோமீட்டருக்குப் பெருமையே இல்லை.

பில்லில் இன்னொரு பயனும் உண்டு. கடைசி சர்வீஸ் தேதியும் அன்றைய மீட்டரும் இருக்கும். 8 மாதம் என்று சொல்லி இரண்டு வருடம் நின்ற வண்டியை விற்பவர்களும் உண்டு. பில், காப்பீட்டுத் தேதி, கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா பாருங்கள்.

புதுச்சக்கரம்
போன் செய்துவிட்டேன். ஸ்டார்ட் செய்யவில்லையாம், நான் வரும் வரை தொட மாட்டேன் என்றார். ஆனால் புதிதாக ஒன்று சொன்னார்: முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை 5 நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தாராம். இது நல்லதுதானே?

ஸ்பேனர்
நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறார். பலன் தலைகீழ். ஒரு ஸ்டார்ட்டுக்குப் போகிற சார்ஜை 5 நிமிட ஐடிலிங் முழுதாகத் திருப்பித் தராது. என்ஜின் எரிக்கும்போது உண்டாகிற தண்ணீர் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும், வெளியேறும் அளவுக்குச் சூடு ஏறாது. சைலன்சரின் கடைசிப் பெட்டியைக் கீழே குனிந்து தட்டிப் பாருங்கள். உள்ளே துரு உதிரும் சத்தம் கேட்கலாம். எடுத்தால் 20, 30 நிமிடமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தொடாமல் விடுவதே மேல்.

இரவுப்பயணி
எலியைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்லவில்லை. எனக்கு நடந்தது இது. 5 மாதம் நின்ற வண்டி. வாங்கியபோது எல்லாம் ஓடியது. மழைக்காலம் வந்ததும் விளக்குகள் தானாக அணையும், ஏபிஎஸ் எச்சரிக்கை வரும், மறுநாள் காணாமல் போகும். மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு பையன் டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் கட்டில் பாதி கடித்த இடத்தைக் கண்டுபிடித்தான். அறுந்த வயரை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். பாதி கடித்ததுதான் ஆளைக் கொல்லும், ஈரம் பட்டால் மட்டும் வேலையைக் காட்டும்.

அதனால் டார்ச் எடுத்துப் போங்கள். பானட்டின் உள்பக்க மெத்தை பிய்ந்திருக்கிறதா, என்ஜின் மேல் புழுக்கை இருக்கிறதா, ஏசியின் கேபின் ஃபில்டரில் பஞ்சு அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளோயரை முழு வேகத்தில் வைத்து மூக்கால் சோதியுங்கள். எலி மூத்திர நாற்றம் வந்தால் டேஷ்போர்டுக்குள் குடியிருந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு கண்ணாடி, பூட்டு, ஹாரன், வைப்பர், எல்லா விளக்கு என்று ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டுப் பாருங்கள்.

வெயில்நிழல்
டயர்! 21,000 ஓடிய டயரில் பட்டன், அதாவது தரையில் பதிகிற மேடு, நிறைய இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னியையும் பாருங்கள். விரலால் அழுத்தி வளைத்தால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா பாருங்கள். ரப்பருக்கு வயதும் வெயிலும் எதிரி, ஓடாமல் இருந்தாலும் அது கிழடாகும்.

ஒரே இடத்தில் நின்றதால் தரையில் பட்ட பகுதி தட்டையாகி, ஓட்டும்போது தட் தட் என்று அதிரும். 10, 15 கிலோமீட்டரில் டயர் சூடானதும் குறைந்தால் சரியாகிவிடும். குறையவில்லையென்றால் டயர் போச்சு.

அப்புறம், காப்பீடு முடிந்திருந்தால் ரோட்டில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஓட்டிப் பார்க்கிற அந்த 10 நிமிடத்தில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

நெடுஞ்சாலை
பாருங்கள், பட்டியல் எவ்வளவு நீளுகிறது! இத்தனையையும் பார்த்து வாங்குவதற்குப் பதில் ஓடுகிற வண்டியை வாங்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஸ்பேனர்
ஓடுகிற வண்டிக்கும் இதே பட்டியல்தான் நண்பரே, யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். உங்கள் வண்டியில் போன மூன்றும் நின்ற வண்டிக்கே உரிய நோய்கள். ஏசி கம்ப்ரசரின் சீலுக்கு அதற்குள் சுற்றுகிற ஆயில்தான் ஈரம், சுற்றவில்லையென்றால் காய்ந்து கசியும். காலிப்பர் பின்கள் அசையாமல் இருந்தால் துரு பிடிக்கும். வாங்கும்போதே சக்கரம் சுற்றிப் பார்த்திருந்தால் காலிப்பராவது அன்றே தெரிந்திருக்கும்.

புதுச்சக்கரம், பிரேக்குக்கு நேரம் ஒதுக்குங்கள். டிஸ்க்கில் மேலாக ஆரஞ்சு நிறத்தில் துரு இருப்பது சாதாரணம், நான்கைந்து முறை மெதுவாக பிரேக் பிடித்தால் போய்விடும். நகம் மாட்டுகிற அளவு குழி விழுந்திருந்தால் டிஸ்க் மாற்ற வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்தால் பின்சக்கர டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கும். கியர் போட்டு இழுத்து விடுவிக்கப் பார்க்காதீர்கள், லைனிங் பிய்ந்து வரும். சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் விட்டுவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான். ஓட்டிப் பார்த்து வந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்கு அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடவில்லை.

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து முகருங்கள். பழைய பெட்ரோலில் பெயிண்ட், வார்னிஷ் மாதிரி ஒரு புளித்த வாசனை வரும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரையும் இழுக்கும். வாசனை மாறியிருந்தால் இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். மாறாமல், கொஞ்சமாக மட்டும் இருந்தால் மேலே புதிதாக நிரப்பினால் போதும்.

கணக்குப்பிள்ளை
வண்டியின் கணினியில் உள்ள பிழைக் குறிப்புகளைப் படிக்கிற ஸ்கேனர் போடுவீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பேட்டரி முழுதாக இறங்கிய பல வண்டிகளில் பழைய பிழைக் குறிப்புகளும், வண்டி தன்னைத்தானே செய்துகொள்கிற சோதனைகளின் நிலையும் அழிந்திருக்கும். "பிழைக் குறிப்பு எதுவும் இல்லை" என்பது நற்சான்றிதழ் ஆகாது. சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனரே காட்டும். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

புதுச்சக்கரம் (3 நாள் கழித்து)
போய் வந்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போனேன். காப்பீடு நடப்பில் இருக்கிறது. சர்வீஸ் பில்கள் எல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக இருந்தன, வருடம் தவறாமல் ஆயில் மாற்றியிருக்கிறார்கள். கடைசிப் பில்லுக்கும் இன்றைய மீட்டருக்கும் 640 கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

பானட் குளிர்ந்திருந்தது. பேட்டரி 9.8 வோல்ட். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் கிழித்த காகிதமும் பஞ்சும். நீங்கள் சொல்லாவிட்டால் திறந்திருக்கவே மாட்டோம். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற மோட்டாரின் வயர் கடிபட்டிருக்கிறது. வேறெங்கும் கண்ணுக்குத் தெரியவில்லை, நாற்றமும் இல்லை.

ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். பின்பக்கம் இடது சக்கரம் அசையவில்லை. கழற்றித் தட்டி விடுவித்தோம். நல்ல பேட்டரி வைத்ததும் இரண்டாவது செல்ஃபில் எழுந்தது. மூன்று விநாடி டிக் டிக், பிறகு அமைதி. 12 கிலோமீட்டர் ஓட்டினோம். முதலில் தட் தட் இருந்தது, போகப் போக பாதியாகக் குறைந்தது. இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரம் மட்டும் அனல். ஏசி குளிர்கிறது. டயர் ஐந்தும் வண்டியோடு வந்தவை, பின்டயர்களில் வெடிப்பு.

பயம் ஒன்றுதான். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஒரு படலம். என்ஜினுக்குள் ஆயிலும் கூலண்டும் கலக்காமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ?

நெடுஞ்சாலை
நான் சொன்னேனே. வேண்டாம்.

ஸ்பேனர்
அவசரப்பட வேண்டாம். வாரா வாரம் 5 நிமிடம் ஓடிய என்ஜின் என்று பெரியவரே சொன்னார். அந்த ஈரம் மேலே ஏறி, குளிர்ந்த மூடியில் ஆயிலோடு கலந்து இப்படித்தான் படியும். ஹெட் கேஸ்கெட் என்றால் வேறு சாட்சிகளும் இருக்கும். அளவுக் குச்சியை இழுத்தால் அதில் உள்ள ஆயிலும் பால் கலந்த மாதிரி இருக்கும், கூலண்ட் குறையும், சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது, கூலண்ட் டேங்கில் குமிழி வரும். இவற்றில் ஏதாவது இருந்ததா?

ஊகத்தில் விட வேண்டாம், சோதனை இருக்கிறது. கூலண்டுக்கு மேலே உள்ள காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக உறிஞ்சுவார்கள். என்ஜினில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். கால் மணி நேர வேலை. அது முடியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

புதுச்சக்கரம்
குச்சியில் ஆயில் கறுப்பாக இருந்தது, பால் நிறம் இல்லை. புகையும் குமிழியும் இல்லை. நாளை சோதனை செய்கிறேன்.

மண்வாசனை
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் அடுத்த மாதம் 6 மாதத்துக்கு வெளியூர் போகிறேன். இதைப் படித்தபின் என் வண்டியை நினைத்தால் பகீரென்கிறது. எப்படி நிறுத்திவிட்டுப் போவது?

ஸ்பேனர்
போகும் வாரத்தில் ஆயில் மாற்றி, டேங்க் நிரப்பி, நன்றாக ஒரு சுற்று ஓட்டி வந்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். டயரில் காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். நம்பகமான ஆள் இருந்தால் மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஏசி போட்டு ஓட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் யாரும் தொட வேண்டாம்.

புதுச்சக்கரம் (மறுநாள்)
நீலம் நீலமாகவே இருந்தது! பெரியவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் நிம்மதி. இனி விலை பேச வேண்டும். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. அவர் மனம் நோகவும் கூடாது.

கணக்குப்பிள்ளை
இரண்டு சீட்டு எழுதுங்கள். நின்றதால் வந்தவை ஒன்றில்: பேட்டரி, பின்பிரேக் வேலை, வயர், ஏர் ஃபில்டர், ஆயில், பிரேக் ஆயில். வயதால் வந்தவை இன்னொன்றில்: பின்டயர் இரண்டு. ஒர்க்‌ஷாப்பில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். முதல் சீட்டு முழுவதையும் விலையில் கழிக்கச் சொல்வது நியாயம். இரண்டாவதைப் பாதிப் பாதி என்று கேளுங்கள். குறை சொல்லிப் பேசாமல் சீட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள், அவரே கூட்டிப் பார்ப்பார்.

நெடுஞ்சாலை
சரி, சோதனை செய்துவிட்டீர்கள், பில்லும் இருக்கிறது. இனி வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். வாங்கினாலும் முதல் மாதம் அம்மாவை அந்த வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகாதீர்கள். ஹோஸ் என்னைப் பழிவாங்கியது வாங்கிய இரண்டாவது மாதத்தில், ராத்திரியில், ஆள் இல்லாத சாலையில். நீங்கள் தனியாக 500, 600 கிலோமீட்டர் ஓட்டுங்கள். வெயிலில் ஓட்டுங்கள், மழையில் ஓட்டுங்கள், நெரிசலில் நிறுத்தி வையுங்கள். ஒளிந்திருப்பது வெளியே வரட்டும்.

ஸ்பேனர்
இதை நானும் வழிமொழிகிறேன். ஹோஸ்களைக் குளிர்ந்த நிலையில் அழுத்திப் பாருங்கள். நொறநொறவென்றோ கொழகொழவென்றோ இருந்தால் மாற்றிவிடுங்கள். என்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்று கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால் அதற்கு வருடக் கெடுவும் உண்டு.

புதுச்சக்கரம் (6 வாரம் கழித்து)
வாங்கிவிட்டேன். முதல் சீட்டு முழுவதும் கழித்துக்கொடுத்தார். டயருக்குப் பாதி கேட்டேன், ஒப்புக்கொண்டார்.

இடது பின்சக்கரத்தில் பிரேக் லைனிங்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் கசிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சிலிண்டரும் லைனிங்கும் மாற்றினோம். டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை. மேல் ஹோஸ் ஒன்று நொறநொறத்தது, மாற்றியாயிற்று. நெடுஞ்சாலை அண்ணா, அதைக் கையில் வாங்கியபோது உங்களைத்தான் நினைத்தேன்.

இதுவரை 710 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். மூன்றாவது வாரம் என்ஜின் விளக்கு ஒரு முறை எரிந்தது. ஆக்சிஜன் சென்சார் வயரில் இன்னொரு எலிக்கடி, அன்று பார்த்தபோது கண்ணில் படாதது. ஒட்டிச் சரிசெய்த பிறகு வரவில்லை. கணக்குப்பிள்ளை சொன்னபடி ஸ்கேனர் மறுபடி போட்டோம், எல்லாச் சோதனையும் முடிந்ததாகக் காட்டுகிறது. ஆயில் மூடியைத் துடைத்து வைத்திருந்தேன், படலம் திரும்ப வரவில்லை. முன்டயரில் லேசான அதிர்வு மட்டும் மிச்சம், அடுத்த மாதம் அவற்றையும் மாற்றுகிறேன்.

நேற்றுதான் முதல்முறையாக அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பின்சீட்டில் தூங்கிவிட்டார்.